நோகாத கையை ஏன் சோதிக்க வேண்டும்?

உடம்பில் எங்கே பிழை நேர்ந்தாலும் நோ வந்து சொல்லிவிடும் என்பது நம்மில் அநேகருடைய நம்பிக்கை. நோகும்போது வைத்தியரிடம் போகிறோம்; நோகாதபோது உடம்பை அதன் பாட்டில் விட்டுவிடுகிறோம். வளர்ந்தவர்கள் விடயத்தில் இது ஓரளவு சரிவரலாம். வளரும் பிள்ளையின் என்பைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை எவ்வளவு பலவீனமானது என்பதை யப்பானிலும் அமெரிக்காவிலும் பேஸ்போல் விளையாடும் சிறுவர்களின் கைகள் காட்டியிருக்கின்றன. அதிலிருந்து எழும் ஓர் அறநெறிக் கேள்வியை இங்கே ஆராய்ந்து பார்ப்போம்.

பேஸ்போல் நம் வாசகருட் பலர் பார்த்தறியாத விளையாட்டு. கிரிக்கெட்டில் பந்து வீசுபவர் மடக்கிய முழங்கையை நீட்டி எறிந்தால் நடுவர் பிழை சொல்லுவார். பேஸ்போலிலோ முழங்கையை மடக்கி, தோளைப் பின்னே முறுக்கி, சவுக்கைச் சொடுக்குவது போல எறிவதுதான் ஆட்டமே. ஒரே பிள்ளை ஒரு போட்டியில் ஐம்பது, எண்பது, சிலவேளை நூறு தடவைக்கு மேலும் இவ்வாறு எறிவான். ஒவ்வோர் எறியிலும் முழங்கையின் உட்பக்கம் இழுபடுகிறது. வெளிப்பக்கத்தில் என்போடு என்பு அழுந்துகிறது. வளர்ந்த மனிதனில் அந்த இழுவையை மூட்டைக் கட்டிப் பிடித்திருக்கும் நார் தாங்குகிறது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையில் அந்த நாரைவிட மெலிந்திருப்பது என்பின் வளரும் முனையிலுள்ள குருத்தென்பு. ஆகவே முதலில் விட்டுக் கொடுப்பது அதுதான். தோளிலும் இவ்விதமே வளர்முனை அகன்று போவதுண்டு.

அமெரிக்க வைத்தியர்கள் 1960இல் இந்தக் கேட்டுக்கு ‘லிட்டில் லீக் முழங்கை’ என்று பெயரிட்டார்கள். லிட்டில் லீக் என்பது 1939இல் பென்சில்வேனியா மாநிலத்தின் வில்லியம்ஸ்போர்ட் நகரில் ஆரம்பமான சிறுவர் பேஸ்போல் அமைப்பு. சிறுவர் மகிழ்ந்து விளையாடவென்று தொடங்கிய ஓர் அமைப்பின் பெயர் இருபது ஆண்டுகளில் ஒரு நோயின் பெயராகவும் ஆகிவிட்டது.

உட்பக்கத்துக் கேடு பெரும்பாலும் நோவைக் கொடுத்துத் தன்னைக் காட்டிக் கொள்ளும். வெளிப்பக்கத்தில் வருவது வேறு விதமானது. அங்கே உருண்டை வடிவான என்பு முனை ஒன்றுண்டு. அதற்குக் கிடைக்கும் இரத்த ஓட்டம் சொற்பம். அதன் ஒரு சிறு பகுதி நலிந்து இளகத் தொடங்கும்போது பிள்ளைக்கு யாதொன்றும் தெரியாது. கை நீளும், மடங்கும், பந்தும் வேகமாகப் போகும். நோவும் மூட்டு இறுக்கமும் வரும் நாளில் அந்தப் பகுதி வெடித்துப் பிரியத் தொடங்கியிருக்கும். சிலரில் பிரிந்த துண்டு மூட்டுக்குள்ளேயே அலையும். நோ என்ற தூதுவன் வந்து சேரும்போது வீடு எரிந்து பாதியாகியிருக்கும் என்று சொல்லலாம்.

யப்பானில் ஷிக்கோக்குத் தீவிலுள்ள தொகுஷிமா என்னும் இடத்தில் 1980களின் தொடக்கம் முதலே வைத்தியர்கள் இதற்கொரு வழி தேடி வந்திருக்கிறார்கள். பிள்ளை வைத்தியசாலைக்கு வரட்டும் என்று காத்திராமல், போட்டி நடக்கும் மைதானத்துக்குத் தாங்களே போனார்கள். எங்கே விளையாடுகிறாய், வாரத்தில் எத்தனை நாள், எப்போதாவது நொந்ததா என்று கேட்பார்கள். முழங்கை முழுதாக நீளுகிறதா, மடங்குகிறதா, அமுக்கினால் நோகிறதா, தோள் எவ்வளவு சுழல்கிறது என்று பார்ப்பார்கள். இடுப்பும் தொடையும் இறுகிப் போன பிள்ளை கால்களின் வலுவைப் பயன்படுத்தாமல் கையாலேயே எறிவான் என்பதால் அவற்றையும் சோதிப்பதுண்டு. பிற்காலத்தில் தூக்கிச் செல்லக்கூடிய ஸ்கான் கருவிகள் வந்தன. மர நிழலில் ஒரு மேசை, அதன்மேல் கருவி, முழங்கையை மடக்கி நீட்டியபடி வரிசையில் நிற்கும் பிள்ளைகள். கதிர் எதுவும் உடம்பில் படாது. ஒருவருக்கு ஒருசில நிமிடம் போதும். ஐயத்துக்கிடமானவர்களை எக்ஸ்றே எடுக்க அனுப்புவார்கள்.

இவ்வாறு பார்த்த யப்பானிய ஆய்வுகளில், நூறு சிறுவரில் இரண்டு அல்லது மூன்று பேரிடம் அந்த வெளிப்பக்க நலிவு காணப்பட்டது. எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் அடுத்த கணக்கைப் பாருங்கள். ஆரம்ப நிலையில் கண்டு, எறிவதை நிறுத்தினால், ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேருக்கு அது தானாகவே மாறிவிடுகிறது. வெடிப்பு விழுந்த பின் கண்டால், ஓய்வினால் மட்டும் மாறுவது ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான். மற்றவர்களுட் பலருக்குச் சத்திர சிகிச்சை. சிலருக்கு வாழ்நாள் முழுதும் நீளாத முழங்கை.

இத்தோடு விடயம் முடிந்தது, சோதனை நல்லது, செய்ய வேண்டியதுதான் என்று சிலர் சொல்லக்கூடும். அறநெறிக் கேள்வி இங்கேதான் ஆரம்பமாகிறது. அந்த மேசையண்டை நிற்பவன் பதினொரு வயதுப் பிள்ளை. அவனுக்கு நோ இல்லை. காலையில் நன்றாக எறிந்துவிட்டு வந்திருக்கிறான். அவனிடம், இன்று முதல் எறியாதே, ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம் என்று சொல்ல வேண்டும். ஐம்பது வயதுக்காரருக்கு ஓராண்டு வந்து போவது தெரியாது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு அது அவன் அறிந்த வாழ்க்கையில் பெரும்பங்கு. அவனுடைய குழு ஆரம்பப் பாடசாலையின் கடைசிக் கோடையை அவனில்லாமல் விளையாடி முடித்துவிடும். சுகமாக வந்த பிள்ளையைச் சோதனை நோயாளியாக்கி அனுப்பி விடுகிறது. எந்த உரிமையைக் கொண்டு?

‘அவனையே கேட்போம்’ என்பது ஒரு பதில். பிள்ளையின் விருப்பத்தை மதிப்பது உயர்ந்த கொள்கை போலத் தோன்றும். அதை அளந்து பார்க்க 1991ஆம் ஆண்டின் கோஷியென் போட்டிக்குப் போவோம்.

கோஷியென் என்பது ஒசாக்கா நகருக்கு அண்மையில் 1924இல் கட்டப்பட்ட மைதானம். யப்பானிய உயர்தரப் பாடசாலைகளின் கோடைப் போட்டி 1915 முதல் நடந்து வருவது. கோஷியென் என்றாலே இப்போட்டி என்றாகிவிட்டது. நாடே அதைப் பார்க்கும். 1991இல் ஒகினாவாத் தீவிலிருந்து ஒகினாவா சுய்சான் என்ற மீன்பிடித் தொழிற் பாடசாலை வந்தது. ஒகினாவா உலகப் போருக்குப் பின் அமெரிக்க ஆட்சியில் இருந்து, 1972இலேயே யப்பானுடன் மீண்டும் இணைந்த பகுதி. அது வரை தேசிய வெற்றிக் கொடி ஒருமுறையேனும் அத்தீவுக்குப் போனதில்லை. முந்திய ஆண்டு இதே பாடசாலை இறுதிப் போட்டி வரை வந்து ஒரேயொரு ஓட்டத்தால் தோற்றது. இம்முறை அதன் எறிபவன் ஓனோ ரின் என்ற மாணவன். அவனது வலது முழங்கை போட்டிக்கு முன்பே கெட்டிருந்தது. எனினும் ஆறு போட்டிகளிலும் அவனே எறிந்தான். கடைசி நான்கையும் நான்கு நாட்களில் அடுத்தடுத்து எறிந்தான். மொத்தம் 773 பந்துகள். இறுதிப் போட்டியில் 13க்கு 8 என்று ஒசாக்கா தோயின் வென்றது. முடிவு நிகழ்ச்சியின்போது ஓனோவின் கை நீளவில்லை. பின்னர் பார்த்தபோது முழங்கையில் என்புத் துண்டு பெயர்ந்திருந்தது. அவன் பிற்காலத்தில் தொழில்முறைக் குழுவொன்றிலும் சேர்ந்தான். ஆனால் எறிபவனாக அல்ல.

ஓனோவை யாரும் சங்கிலியால் கட்டி இழுத்து வரவில்லை. அவன் விரும்பினான். பயிற்றுநர் விரும்பினார். ஒரு தீவு முழுவதும் விரும்பியது. இந்த மூன்றாவது விருப்பத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும். இத்தனை பேர் ஒன்றை ஆவலோடு எதிர்பார்த்து நிற்கையில் ஒரு மாணவன் ‘நான் எறிகிறேன்’ என்று சொல்வதைச் சுயவிருப்பம் என்று சொல்லலாமா? அவனால் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? பிள்ளைகள் நோவை மறைப்பார்கள் என்பது சிறுவர் விளையாட்டைக் கவனிக்கும் எந்த வைத்தியருக்கும் தெரியும். அவர்கள் பொய்யர்கள் என்பதனால் அன்று. நோகிறது என்று சொன்னால் இடம் போய்விடும், தோழர் முகம் வாடும், தகப்பன் ஒன்றும் பேசாமல் மோட்டார் வண்டியை ஓட்டிக்கொண்டு வருவார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருப்பதனால். ஆகவே பிள்ளையின் சம்மதத்தை முன்னே நிறுத்தி அதன் பின்னே பெரியோர் ஒளிந்துகொள்வது நேர்மையாகாது. ஓனோவின் கைக்கு நேர்ந்ததன் பின்னரே, 1990களில், கோஷியெனுக்கு வரும் எறிபவர்களின் தோளையும் முழங்கையையும் போட்டிக்கு முன் சோதிக்கும் ஒழுங்கு வந்தது.

அப்படியானால் ஆபத்துள்ள எதையும் பிள்ளைகள் செய்யக் கூடாதா என்று கேட்கலாம். மரத்தில் ஏறும் பிள்ளை விழலாம். துவிச்சக்கர வண்டியில் போகும் பிள்ளை கையை முறிக்கலாம். நாம் ஊரிலுள்ள மரங்களையெல்லாம் வெட்டுவதில்லையே. கேள்வி நியாயமானது. மரத்தில் ஏறுவதற்கு ஆனால் யாரும் அட்டவணை போடுவதில்லை. நேற்று ஏறிய பிள்ளையை இன்றும் ஏறு, நாளையும் ஏறு, ஊருக்கு மானம் போய்விடும் என்று சொல்வதில்லை. தானாக விளையாடும் பிள்ளை களைத்தால் நின்றுவிடும்; அதுவே இயற்கை வைத்த காவல். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பர்மிங்ஹாம் நகர ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வொன்று இதைத் தெளிவாகக் காட்டியது. கை களைத்த பின்னும் வழமையாக எறிந்துவந்த இளைஞருக்குக் கடுமையான காயம் நேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 36 மடங்காக இருந்தது. களைத்த பின்னும் எறியவேண்டிய தேவையை உண்டாக்கியவர்கள் பெரியோர். போட்டியை ஒழுங்கு செய்தவர்கள், கிண்ணத்தை வைத்தவர்கள், கைதட்டியவர்கள் அவர்களே. இயற்கையின் காவலை எடுத்துவிட்டவர்களே வேறொரு காவலை வைக்கக் கடமைப்பட்டவர்கள். சோதிக்கும் உரிமை இந்தக் கடமையிலிருந்தே பிறக்கிறது என்பது என் எண்ணம்.

எண்ணிக்கைக் கட்டுப்பாடும் ஒரு காவலே. லிட்டில் லீக் 2007இல் எறிகளை எண்ணத் தொடங்கியது. 11, 12 வயதினருக்கு ஒரு நாளைக்கு 85 என்ற எல்லை வைத்தது. யப்பானிய உயர்தரப் பாடசாலைகளில் 2020 முதல் வாரத்துக்கு 500 என்ற எல்லை உண்டு. அது எல்லை என்ற பெயருக்குத் தகுமா என்று எனக்கு ஐயம். மேலும், ஒரு பிள்ளை சனியன்று ஒரு குழுவுக்கும் ஞாயிறன்று மற்றொரு குழுவுக்கும் எறிந்தால் இரண்டையும் கூட்டிப் பார்ப்பவர் எவருமில்லை.

சோதனையைப் புகழ்வோர் மறைக்கக் கூடாத வேறொரு பக்கமும் உண்டு. எறியும் கை, எறியாத கையைப் போல் இராது. சிறு வயது முதல் எறிந்து வளர்ந்தவனின் மேற்கை என்பு சற்றே முறுகிய நிலையில் வளர்கிறது. அதனால் தோள் பின்னோக்கி அதிகம் சுழல்கிறது. இது நோயன்று, உடம்பு தொழிலுக்குத் தன்னை இசைவாக்கிக் கொண்டதன் அடையாளம். நுட்பமான காந்தப் புலப் படங்களை எடுத்தால், ஒரு குறையுமில்லாமல் விளையாடும் பிள்ளைகளின் முழங்கையிலும் ஏதேனும் மாற்றம் தெரியும். படத்தில் தெரிந்ததையெல்லாம் நோயென்று சொல்லிப் பிள்ளையை வீட்டில் இருத்தினால் அதுவும் ஒரு தீங்கே. பயம் பிடித்த தாயொருத்தி இனி எந்த விளையாட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடும். ஆகவே எதைத் தேடுகிறோம், கண்டால் செய்வதற்கு ஏதேனும் உண்டா என்று முன்கூட்டியே தீர்மானித்துக் கொண்டு சோதிப்பவனே நல்ல வைத்தியன்.

இதைவிட மோசமான ஒரு பயன்பாடும் இருக்கிறது. ‘சோதனையில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள், இனி எறியட்டும்’ என்று அதை அனுமதிச் சீட்டாக்குவது. சோதனை சொல்வது அன்றைய நிலையைத்தான். அடுத்த மாதம் நடக்கப் போவதற்கு அது பொறுப்பேற்பதில்லை.

சத்திர சிகிச்சையின் புகழும் இவ்வாறே மனிதர் மனத்தை மயக்கியிருக்கிறது. 1974 செப்டெம்பரில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிராங்க் ஜோப் என்ற வைத்தியர், டொமி ஜோன் என்ற புகழ்பெற்ற எறிபவரின் அறுந்த முழங்கை நாருக்குப் பதிலாக அவரது மற்றக் கையிலிருந்து ஒரு தசைநாரை எடுத்துப் பொருத்தினார். ஜோன் 1976இல் திரும்பி வந்து 1989 வரை விளையாடினார். அரிய சாதனைதான். ஆனால் ஒரு தலைமுறை கழிந்தபோது என்ன நடந்தது? அமெரிக்காவில் 2007 முதல் 2011 வரை நடந்த இத்தகைய சிகிச்சைகளை ஒரு பெரிய காப்புறுதிப் பதிவேட்டைக் கொண்டு எண்ணிப் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்டவை 15 முதல் 19 வயது வரையினருக்குச் செய்யப்பட்டவை. இந்தச் சிகிச்சை செய்தால் கை முன்னையிலும் பலமாகும் என்று நம்பும் பெற்றோரும் பயிற்றுநரும் இருக்கிறார்கள். கெட்டால் திருத்தலாம் என்ற எண்ணம் வந்துவிட்டால், கெடாமல் பார்க்கும் பொறுப்பு மெல்ல நழுவிவிடுகிறது.

இனி மிகக் கடினமான வழக்குக்கு வருவோம். 2019இல் யப்பானின் வடகிழக்கே இவாத்தே மாவட்டத்தில், ஒபுனாத்தோ என்ற கரையோரப் பட்டினத்தின் அரசாங்கப் பாடசாலையில் சசாக்கி ரோக்கி என்ற மாணவன் இருந்தான். 2011இன் கடற்கோளில் தகப்பனையும் பாட்டன் பாட்டியையும் இழந்தவன். பெரிய பாடசாலைகளை நாடாமல், தன் ஊர்த் தோழருடனேயே கோஷியெனுக்குப் போக வேண்டுமென்று அங்கேயே நின்றான். அவனது பந்து மணிக்கு 163 கிலோமீற்றர் வேகத்தில் போனது. அப்பாடசாலை கடைசியாகக் கோஷியெனுக்குப் போனது 1984இல். அவ்வசந்தத்தில் எடுத்த சோதனையில் அவன் என்புகள் இன்னும் முதிரவில்லை, அந்த வேகத்தைத் தாங்கும் நிலையில் இல்லை என்று தெரிந்ததாகப் பயிற்றுநர் கொகுபோ யோஹெய் சொல்லியிருந்தார். யூலை 21இல் சசாக்கி 194 பந்துகள் எறிந்தான். 24இல் அரையிறுதியில் 129. மறுநாள் இறுதிப் போட்டி, வென்றால் கோஷியென். பயிற்றுநர் அவனை இறக்கவில்லை. ஒபுனாத்தோ 12க்கு 2 என்று தோற்றது.

நோகிறது என்று சசாக்கி சொல்லவில்லை. எறியச் சொல்லியிருந்தால் எறிந்திருப்பான் என்று பயிற்றுநரே சொன்னார்; தனக்கு எறிய விருப்பம் இருந்தது என்று சசாக்கியும் சொன்னான். பாடசாலைக்குக் கண்டனங்கள் வந்து குவிந்தன. கண்டித்தவர்கள் எல்லோரும் மூடர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மற்றப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். ஒருவனுடைய கை நாளை கோடிக் கணக்கில் பெறுமதி பெறும்; மற்றவர்களுக்கு அந்தப் போட்டியே வாழ்க்கையின் கடைசிப் பெரிய ஆட்டம். ஒருவனின் நாளைக்காக மற்றவர்களின் இன்றைய நாளைக் கொடுத்தது நீதியா? அவர்களைக் கேளாமலே கொடுத்தது நீதியா? இதற்கு இலகுவான பதில் இல்லை. ஆயினும், கூட்டு மகிழ்ச்சிக்காக ஒருவனது உடம்பை ஈடு வைக்கும் உரிமை கூட்டத்துக்கு இல்லை என்றே நான் எண்ணுகிறேன். சசாக்கி சிறந்த எறிபவன் என்பதற்காக அன்று. ஓட்டமெடுக்கவே தெரியாத கடைசிப் பிள்ளையின் முழங்கையாக இருந்தாலும் தீர்ப்பு அதுவாகவே இருக்க வேண்டும். பயிற்றுநர் காரணத்தை முன்னமே எல்லாப் பிள்ளைகளுக்கும் விளக்கியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2022 ஏப்பிரலில் சசாக்கி, தொழில்முறைப் போட்டியில் எதிர்த்தாடிய ஒருவரையும் தளத்துக்கு விடாத முழுநிறை ஆட்டமொன்றை எறிந்தபோது, பார்த்தீர்களா, பயிற்றுநர் சரி என்று பலர் சொன்னார்கள். 2025இல் அமெரிக்காவில் அவரது தோளில் கோளாறு வந்து பல மாதம் ஒதுங்கியிருந்தபோது, பார்த்தீர்களா, காத்தும் பயனில்லை என்று சொல்ல இடமுண்டாயிற்று. இரண்டும் பிழையான வாதம். 2019 யூலை 25 காலையில் அந்தப் பயிற்றுநருக்கு எது தெரிந்திருந்ததோ அதைக் கொண்டே அவரை நிறுக்க வேண்டும். அவருக்கு என்பு முதிரவில்லை என்பது தெரிந்திருந்தது. எத்தனை பந்து எறியப்பட்டதென்பது தெரிந்திருந்தது. தெரிந்த பின் தெரியாதவர்போல் நடக்க அவர் உடன்படவில்லை.

மைதானத்து மேசைக்குத் திரும்புவோம். சோதனையில் ஐயம் கண்டு எக்ஸ்றேக்கு வரச்சொன்ன பிள்ளைகள் சிலர் வருவதேயில்லை என்பது இவ்வைத்தியர்களின் பழைய முறைப்பாடு. கடிதம் வீட்டுக்குப் போகிறது. போட்டி முடியட்டும் என்று மேசை லாச்சியில் கிடக்கிறது. வருகிற பிள்ளைகளிடம் நல்ல வைத்தியர் செய்வது ஒன்றுண்டு. தாயிடமும் பயிற்றுநரிடமும் தலைக்கு மேலால் பேசாமல், படத்தை முதலில் பிள்ளையின் பக்கம் திருப்பி, இது உன் நல்ல கை, இது எறியும் கை, இந்தக் கோடு இங்கே எப்படித் தேய்ந்திருக்கிறது பார் என்று காட்டுவார். பதினொரு வயதுப் பிள்ளைக்கு இரு கோடுகளின் வித்தியாசம் விளங்கும். சில பிள்ளைகள் அழுவார்கள். பிறகு, ஓடலாமா என்று கேட்பார்கள். ஓடலாம். குழுவின் சட்டையை அணிந்து, தளத்தின் ஓரத்தில் நின்று, ஓடி வருபவனுக்கு நில், போ என்று கை காட்டலாம். அந்த இடத்துக்கும் ஒரு பிள்ளை வேண்டியதுதான். அவனை அங்கே நிறுத்துவதற்குப் பயிற்றுநர் ஒருவரின் மனம் வேண்டும்.